பத்து எண்கள், பாதிப் பலகை

றமீசா கரும்பலகைக்கு முன்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். கையில் வெண்கட்டி இருந்தது, ஆனால் எழுதவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

சம்மாந்துறையில் ஒரு பாடசாலை மண்டபம். கணித ஆசிரியர்களின் மாதாந்தக் கூட்டம். காரைதீவு, நாவிதன்வெளி, திருக்கோவில் வரையிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். தகரக் கூரை சூட்டில் படபடவென்று சத்தம் போட்டது. வெளியே வீதியோரம் அவித்த நெல் காயப் போட்டிருந்தார்கள். காற்று அடித்தபோதெல்லாம் அந்த மணம் உள்ளே வந்தது.

பலகையில் லாபீர் சேர் எழுதிவைத்த பத்து எண்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் வெண்கட்டிப் பெட்டியை எடுத்து அவருக்கு எறிந்திருப்பேன்.

நான் கணிதம் படிப்பித்தவள் இல்லை. இரசாயனம். அந்த மண்டபத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. என்னோடு படிப்பித்த றமீசாவைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் கூடப் போயிருந்தேன்.

இந்தப் பத்திரிகைத் தொடரில் போன வாரத்து அத்தியாயத்தைப் படித்த ஒருவர், "ராத்தாவின் எழுத்தில் கோபம் கூடிப்போச்சு, வயதுக்கு ஏற்றபடி எழுதச் சொல்லுங்கள்" என்று சொல்லியனுப்பியிருக்கிறார். ஊருக்கே ராத்தா, அக்கா, நான்தான். கோபமில்லாத எழுத்து வேண்டுமென்றால் அவர் வேறு பக்கத்தைப் புரட்டட்டும். ஆனால் இந்த வாரம் நான் ஒருத்தியைப் புகழத்தான் உட்கார்ந்திருக்கிறேன். புகழ்ச்சியும் எனக்குக் கோபத்தோடுதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆள் இல்லாத பாடம்

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் பிறந்த காலம். கல்முனையில் கடலுக்குக் கிட்ட எங்கள் பெண்கள் பாடசாலை. உப்புக் காற்று ஜன்னல் கொளுக்கிகளைத் தின்றுவிடும். மாரியில் வெண்கட்டி ஊறிப்போய்ப் பலகையில் எழுதாது, வழுக்கும்.

அந்த வருடம்தான் உயர்தரத்தில் கணிதப் பிரிவு திறந்தோம். சேர்ந்த பிள்ளைகள் மூன்று பேர். மூன்று பேருக்கு ஒரு பிரிவா என்று ஊரில் கேட்டார்கள். முப்பது பேர் சேர்ந்திருந்தால், முப்பது பெண் பிள்ளைகளுக்குக் கணிதமா என்று கேட்டிருப்பார்கள்.

தூய கணிதத்துக்கு றமீசா இருந்தாள். இரசாயனத்துக்கு நான். பௌதிகத்துக்கும் ஒருவர் கிடைத்துவிட்டார். பிரயோக கணிதத்துக்குத்தான் ஆள் இல்லை. அந்த ஒரு பாடம் இல்லாவிட்டால் பிரிவே இல்லை. மூன்று பிள்ளைகளும் கலைப் பிரிவுக்குப் போக வேண்டியதுதான். அதிபர் எங்களுக்கு ஒரு தவணை, மூன்று மாதம், தந்தார். அதற்குள் ஆள் பிடியுங்கள், இல்லாவிட்டால் மூடுகிறேன் என்றார்.

"நீயே ரெண்டையும் படிப்பிச்சா என்ன புள்ள?" என்று றமீசாவைக் கேட்டேன்.

"எனக்கு பிரயோக கணிதம் பாதிதான் தெரியும் ராத்தா."

அவள் அடக்கத்துக்காகச் சொன்னாள் என்று நினைத்தேன். இல்லை. உண்மையாகவே பாதிதான்.

அவள் படித்த காலத்தில் பெண்கள் பாடசாலை எதிலும் கணிதப் பிரிவு கிடையாது. அவளுடைய வாப்பா போய் மன்றாடி, ஆண்கள் பாடசாலை வராந்தாவில் ஒரு கதிரை போட அனுமதி வாங்கினார். உள்ளே உட்கார விடவில்லை. ஜன்னலால் பார்த்தால் கரும்பலகையின் இடப்பக்கப் பாதி தெரியும். வலப்பக்கம் சுவர் மறைத்துவிடும். சமன்பாடு இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் போய் முடியும். முடிவை அவள் காதால் கேட்டு, மிச்சத்தைத் தலைக்குள் எழுதிக்கொள்வாள். இரண்டு வருடம் அப்படித்தான். மழைக்குச் சாரல் அடிக்கும். கதிரையைத் தள்ளினால் பலகை தெரியாது. நனைந்துகொண்டே இருப்பாளாம்.

இதை அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்கு அன்றும் சிரிப்பு வரவில்லை, இன்றும் வரவில்லை.

ஆனால் ஒன்று. தலைக்குள் எழுதிப் பழகியதால் எண்கள் அவளுக்குச் சொன்னபடி கேட்கும். பத்து எண்ணைச் சொன்னால் பத்தையும் வைத்துக்கொண்டு கூட்டிப் பெருக்கிப் புரட்டி, நான் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவாள். அப்படி ஒரு தலையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

படிக்கற்கள்

பிள்ளைகளுக்கு அவள் ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். ஐந்து எண்களை எடுங்கள் என்பாள். 1, 2, 3, 4, 5. ஏதாவது இரண்டைக் கூட்டுங்கள், ஒரே எண்ணை இரண்டு தரம் எடுத்தாலும் சரி. எத்தனை வித்தியாசமான விடை வரும்? இரண்டிலிருந்து பத்து வரை, ஒன்பதுதான். திரும்பத் திரும்ப அதே விடைதான் வந்து விழும்.

இனி அதே ஐந்தையும் பெருக்குங்கள். ஒன்பதில் நிற்காது. பதினான்கு விடை வரும்.

பிறகு மேசையில் அவளுடைய வாப்பாவின் கடையிலிருந்து கொண்டுவந்த, நிறுவைக்குப் போடும் பழைய படிக்கற்களை வைப்பாள். அப்போதுதான் இறாத்தல் போய் கிலோ வந்திருந்தது. கடைக்காரர்கள் பழைய இரும்புக் கற்களை மூலையில் போட்டுவிட்டுப் புதியவற்றைச் சந்தேகத்தோடு தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த காலம். ஒரு அவுன்ஸ், இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு. ஒவ்வொன்றும் முந்தியதன் இரட்டிப்பு. இந்த ஐந்தையும் பெருக்கினால் ஒன்பது விடைதான். கூட்டினால் பதினைந்து, ஒன்றுபோல் இன்னொன்று வராது.

"ஏன் மிஸ் மாறிப்போகுது?" என்று கேட்டாள் பலீலா. அந்த மூவரில் அவள்தான் வாயாடி. "ரெண்டுக்கும் அடங்குற எண் ஒண்டுமே இல்லியா?"

றமீசா அந்த இடத்தில் நின்றுவிட்டாள். அன்று முழுக்க ஆசிரியர் அறையில் படிக்கற்களை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன கா, மாப்பிள்ள கீப்பிள்ள வந்திட்டா?" என்று கேட்டேன்.

"இல்ல ராத்தா. சீரா அடுக்கி வெச்ச எண்கள் கூட்டலுக்கு அடங்குது, பெருக்கல்ல சிதறுது. இரட்டிப்பா வெச்சது பெருக்கலுக்கு அடங்குது, கூட்டல்ல சிதறுது. ரெண்டு எஜமானுக்கும் ஒரே கூட்டம் வேல செய்யாது போல. அது ஏன் எண்டு எனக்குத் தெரியா."

தெரியாது என்பதை இவ்வளவு சந்தோசமாகச் சொன்ன இன்னொரு ஆசிரியையை நான் காணவில்லை. எங்கள் ஆட்கள் பலர் தெரியாது என்று சொல்வதைவிடப் பிள்ளைக்கு அடிப்பது லேசு என்று நினைத்தவர்கள்.

பந்தயம் ஹறாம்

லாபீர் சேர் ஆண்கள் பாடசாலையில் பிரயோக கணிதம் படிப்பித்தவர். பொத்துவில் தொடங்கி மட்டக்களப்பு வரை அவரைப் போல ஆள் இல்லை என்பார்கள். அவரே அதை இரண்டு தரம் சொல்வார். எங்கள் அதிபர் போய்ச் சனிக்கிழமைகளில் வந்து படிப்பிக்கும்படி கேட்டார்.

"பொம்புளப் புள்ளையள் ரெண்டு வருசம் படிச்சிட்டு கலியாணம் முடிச்சிப் போகும். அதுக்கு என்ட சனிக்கிழமைய நான் ஏன் பாழாக்கணும்?" இதுதான் அவர் சொன்ன பதில்.

அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் றமீசா தன் விளையாட்டைப் பற்றிப் பேசினாள். பேசி முடிக்கவில்லை, பின் வரிசையிலிருந்து லாபீர் சேரின் குரல்.

"இது சின்னப் புள்ளைக்கு மிட்டாய் குடுக்கிற கணக்கு. நல்லாப் பொறுக்கி எடுத்தா ரெண்டையும் அடக்கலாம்."

"ஏலா சேர்."

"ஏலும் மிஸ். உங்களுக்குப் பொறுக்கத் தெரியல்ல."

"அப்ப பத்து எண் கொண்டுவாங்க. கூட்டினா வாற வித்தியாசமான விடை இருபத்தஞ்சுக்குள்ள நிக்கணும், பெருக்கினா வாறதும் இருபத்தஞ்சுக்குள்ள நிக்கணும்."

"எந்த முழு எண்ணும் எடுக்கலாமா?"

"எந்த முழு எண்ணும்."

"என்ன பந்தயம்?"

"பந்தயம் மார்க்கத்துல ஹறாம் சேர்," என்றாள் றமீசா. மண்டபம் சிரித்தது. "வாக்கு. நீங்க கொண்டுவராட்டி எங்கட மூணு புள்ளையளுக்கும் சனிக்கிழமைல பிரயோக கணிதம் படிப்பிக்கணும்."

"கொண்டுவந்தா?"

"கொண்டுவந்தா அந்த மூணு பேரையும் நானே கூட்டிக்கொண்டு போய் கலைப் பிரிவில விடுறன். இதுக்குப் பிறகு உங்களக் கேக்க மாட்டம்."

பஸ்ஸில் வரும்போது நான் ஏசினேன். ஏச்சு என்றால் சாதாரண ஏச்சு இல்லை. பக்கத்தில் இருந்த மீன்காரர் எழும்பிப் பின்னுக்குப் போய்விட்டார்.

"மூணு புள்ளையள்ற வாழ்க்கைய வெச்சி விளையாடுறியா?"

"வேற எதை வெச்சாலும் அந்த மனிசன் அசையமாட்டார் ராத்தா. அவருக்குக் கணிதம்தான் பசி. நான் பாத்திட்டன், எப்பிடிப் பொறுக்கினாலும் இருபத்தஞ்சுக்குள்ள வராது."

ஆறும் ஐந்தும்

இனி அந்த மண்டபத்துக்குத் திரும்புவோம். ஒரு மாதம் கழித்து லாபீர் சேர் வந்து, ஸலாம் சொல்லி, நேரே பலகைக்குப் போய் எழுதினார்.

கழித்தல் ஆறு, கழித்தல் நான்கு, கழித்தல் மூன்று, கழித்தல் இரண்டு, கழித்தல் ஒன்று. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு.

மறை எண்கள். கழித்தல் குறி போட்ட எண்கள். றமீசா எல்லா விதத்திலும் பொறுக்கிப் பார்த்திருந்தாள், ஆனால் பூச்சியத்துக்கு மேலே மட்டும். படிக்கல்லையும் நெல்லையும் மீனையும் எண்ணும் ஊரில் பிறந்தவள். பூச்சியத்துக்குக் கீழே இறங்கிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

அவள் எண்ணி முடித்தாள். "கூட்டல் இருபத்து மூணு. பெருக்கல் இருபத்து நாலு." திரும்பினாள். "சரி."

மண்டபம் குமுறியது. தம்பிலுவிலிலிருந்து வந்த ஒரு மாஸ்டர் எழுந்து, "இது அளாப்பி, ஏமாத்து! சாதாரண எண்ணத்தானே மிஸ் சொன்னவ!" என்று கத்தினார். நல்ல மனிதர். நானும் எழுந்தேன்.

"றமீசா, நேர் எண் மட்டும்தான் எண்டு சொல்லு. எல்லாரும் உன்ட பக்கம் இரிக்காங்க. சொல்லு புள்ள!"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தனை பேரும் தலையாட்டியிருப்பார்கள். மூன்று பிள்ளைகளும் தப்பியிருப்பார்கள்.

"எந்த முழு எண்ணும் எண்டு கேட்டார், நான் ஓம் எண்டன்," என்றாள் அவள். "மறை எண்ண எட்டாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறதே நான்தான். நான் பாக்காம விட்டது. நான் சொன்னது பிழை."

எனக்கு வந்த கோபம் லாபீர் சேரின் மேல் இல்லை, அவள் மேல்தான். அந்தக் கோபத்துக்குள்ளேயே ஒரு மதிப்பும் இருந்தது. இரண்டையும் பிரித்தெடுக்க எனக்கு வருடங்கள் ஆயின. பலகைக்கு முன்னால் பொய் சொல்லாத ஆளிடம்தான் பிள்ளை கணிதம் படிக்க வேண்டும். அதை அன்று ஒப்புக்கொள்ள நான் தயாராக இருக்கவில்லை.

அவள் இடத்துக்கு வந்து உட்காருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் மாறியது. தோற்ற முகம் இல்லை அது. பெருநாள் முகம்.

"சேர், அஞ்ச ஏன் விட்டீங்க?"

லாபீர் சேர் கையைக் கட்டவிழ்த்தார். அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"முதல்ல அஞ்சோடதான் பாத்தன். கூட்டல் நல்லா அடங்கிச்சு, இருபத்தொண்ணுதான். பெருக்கல் இருபத்தெட்டுக்குப் போயிட்டு. அஞ்சு ஒருத்தரோடயும் சேராது மிஸ். எதோட பெருக்கினாலும் புதுசு புதுசாக் கொண்டுவருது."

"ஆறு அப்பிடி இல்ல. ரெண்டும் மூணும் ஏற்கனவே உள்ளுக்கு இரிக்கி."

"அதேதான்! ஆற எடுத்தா நாலு விடை குறையுது. அத நான் கண்டது சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, பள்ளியால வரக்குள்ள, சைக்கிள்ல."

"அழகு சேர்," என்றாள் றமீசா. மனதாரச் சொன்னாள். அந்த மனிதர் தலையைக் குனிந்தார். அவரை அப்படி ஒருவரும் கண்டதில்லை.

"இருபது எண்ணுக்கு?" என்று கேட்டாள் அடுத்து. "மறையும் நேருமா வெக்கிறது ஒரு தரம்தான் கை குடுக்கும். கூட்டம் பெருக்கப் பெருக்க அது காணாதே."

அவர் வெண்கட்டியை அவள் கையிலிருந்து வாங்கினார். எழுதினார், அழித்தார், கைக்குட்டையை மறந்து சட்டைக் கையால் துடைத்தார்.

"பாத்தன்," என்றார் கடைசியில். "இருபதுக்கும் பாத்தன், முப்பதுக்கும் பாத்தன். கூட்டலப் புடிச்சா பெருக்கல் ஓடுது. பெருக்கலப் புடிச்சா கூட்டல் ஓடுது. பத்துல வெற்றி எனக்கு. பெரிசுல நீங்க சொல்றதுதான் சரி போல. ஆனா ஏன் எண்டு..."

"தெரியா," என்றாள் றமீசா.

"தெரியா," என்றார் லாபீர் சேர். அவர் வாயால் அந்தச் சொல் வந்ததற்கு அத்தனை பேரும் சாட்சி.

அசர் தொழுகைக்கு வாங்கு சொல்வது கேட்டது. ஆட்கள் எழும்பத் தொடங்கினார்கள். றமீசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னாள். "வாக்கு வாக்குதான் சேர். சனிக்கிழமை புள்ளையளுக்குச் சொல்லி கலைப் பிரிவில விடுறன்."

அவர் கதவு வரை போய்விட்டார். அங்கே நின்று, வெளியே பார்த்தபடியே கேட்டார்.

"அந்த மூணு புள்ளையளும் கணக்குல பிழை விடாதா?"

"விடாது."

"இது ஒராளால எண்ணி முடிக்கிற விசயம் இல்ல. முப்பது எண்ணெண்டா நானூத்துச் சொச்சம் கூட்டல், அவ்வளவு பெருக்கல். ஆள் வேணும். சனிக்கிழம ஒம்பது மணிக்கு வாறன். நிக்கச் சொல்லுங்க. கலைப் பிரிவுக்குப் போறத பிறகு பாப்பம்."

சனிக்கிழமை

வந்தார். சைக்கிளை வேப்ப மரத்தில் சாத்திவிட்டு, காவலாளிக்கும் கேட்கும்படி உரத்துச் சொன்னார். "நான் படிப்பிக்க வரல்ல. எண்ணிப் பாக்கத்தான் வந்தன்."

"ஓம் சேர், வடிவா எண்ணுங்க," என்றேன் நான். அதற்கு மேல் சொல்லாமல் நாக்கைக் கடித்துக்கொண்டது என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தியாகம்.

பிள்ளைகள் எண்ணினார்கள். பலகையின் இடப்பக்கம் கூட்டலும் பெருக்கலுமாய் நிரம்பியது. அவர் மூச்சு வாங்க உட்கார்ந்த நேரம் பார்த்து பலீலா பிரயோக கணிதத்தில் ஒரு கேள்வி கேட்டாள்.

"சேர், ஆர்முடுகல் எண்டா என்ன? வேகம் கூடிக்கொண்டு போறதா?"

அவர் அவளை முறைத்தார். பிறகு றமீசாவைப் பார்த்தார். றமீசா ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பெருமூச்சு விட்டு எழுந்து, பலகையின் வலப்பக்கத்தில் ஒரு சாய்தளத்தையும் அதன்மேல் ஒரு பெட்டியையும் வரைந்தார்.

தவணை முடிந்தது. அதிபர் பிரிவை மூடவில்லை. லாபீர் சேர் இரண்டு வருடம் வந்தார். படிப்பிக்க வருவதாக ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் முதலில் இடப்பக்கத்தில் அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுவார், பிறகு வலப்பக்கம் போவார். மூன்று பிள்ளைகளும் சித்தியடைந்தார்கள். ஒருத்தி கலியாணம் முடித்துக்கொண்டும் படித்தாள். அதை நானே போய் அவரிடம் சொன்னேன், கொஞ்சம் சத்தமாக.

பலீலா இப்போது வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். ஊருக்கு வந்தபோது ஒரு செய்தி சொன்னாள். நாங்கள் கல்முனையில் எண்ணிக்கொண்டிருந்த அதே காலத்தில், எங்கோ இரண்டு பெரிய கணிதக்காரர்கள் இதே கேள்வியைக் கேட்டிருந்தார்களாம். கூட்டம் பெருக்கும்போது இரண்டில் ஒன்று கட்டாயம் ஓடும் என்று நிறுவியும் விட்டார்களாம். ஆனால் எவ்வளவு வேகமாக ஓடும் என்பது முழுசாக இன்னும் யாருக்கும் தெரியாதாம்.

இதை றமீசாவிடம் சொன்னபோது, நாற்பது வருடத்துக்கு முந்திய அதே சந்தோசத்தோடு கேட்டாள். "மெய்யா ராத்தா? இன்னும் தெரியாதாமா?"

அந்த முதல் சனிக்கிழமை வகுப்பில் நான் கடைசி வரிசையில் இருந்தேன். லாபீர் சேர் வலப்பக்கத்தில் சமன்பாட்டை முடித்தபோது, றமீசா ஜன்னலை விட்டு வந்து பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரியாமலிருந்த பாதி அது. ஜன்னலும் சுவரும் மறைக்காமல், நாலு பேரும் முழுப் பலகையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.